பஞ்சசீலம் பழகத் தொடங்குகிறவர்களுக்கு: கடவுளை நம்பினாலும் நம்பாவிட்டாலும்

"கோயிலுக்கும் போறதில்லீங்க மாப்பிள்ளை, சாமியும் கும்பிடறதில்ல. அப்புறம் எதுக்குக் கட்டுப்பட்டு நடக்கறீங்க?" என்று என் மாமியார் ஒருமுறை கேட்டார். குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பஞ்சசீலத்தைப் பழகத் தொடங்கிப் பத்து வருடம் ஆகிவிட்டது. இப்போது ஓரளவு சொல்ல முடியும்.

பௌத்தத்தில் இல்லறத்தாருக்கு என்று வகுத்த ஐந்து ஒழுக்கங்கள்தான் பஞ்சசீலம். இதைப் பழக பௌத்தராக மாற வேண்டும் என்பதில்லை. பூஜை அறையை மூட வேண்டாம், புதிதாகத் திறக்கவும் வேண்டாம். தினமும் விளக்கேற்றுகிற என் மனைவியும் விளக்கேற்றாத நானும் ஒரே வீட்டில் இருந்து இதைப் பழகுகிறோம். எங்களுக்குக் கைகொடுத்த வழியைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

சொற்களிலிருந்து தொடங்குங்கள்

முதல் சீலம் பாலி மொழியில் இப்படி இருக்கிறது: "பாணாதிபாதா வேரமணீ ஸிக்காபதம் ஸமாதியாமி." பாணாதிபாதா என்றால் உயிரைப் பறித்தல். வேரமணீ என்றால் விலகியிருத்தல். ஸிக்காபதம் என்றால் பயிற்சி விதி. கடைசிச் சொல்லுக்கு, நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று பொருள். உயிரைப் பறிப்பதிலிருந்து விலகியிருக்கும் பயிற்சியை நான் ஏற்றுக்கொள்கிறேன், அவ்வளவுதான். கொல்லாதே என்று மேலிருந்து யாரும் உத்தரவு போடவில்லை. மீறினால் தண்டனை என்ற பேச்சும் அந்த வரியில் இல்லை. ஏற்பவரும் நான், பழகுபவரும் நான். சைக்கிள் ஓட்டப் பழகுவது போலத்தான், விழுவதும் பழக்கத்தில் சேர்ந்ததுதான்.

மற்ற நான்கும் இதே அச்சில்தான் வரும். கொடுக்கப்படாததை எடுப்பதிலிருந்து விலகுதல். காமத்தில் தவறான நடத்தையிலிருந்து விலகுதல். பொய் பேசுவதிலிருந்து விலகுதல். கவனத்தை இழக்கச் செய்யும் மது, போதை ஆகியவற்றிலிருந்து விலகுதல்.

முதல் வேலையாக, இந்த ஐந்தையும் உங்கள் வீட்டில் பேசுகிற தமிழில் நீங்களே ஒரு தாளில் எழுதுங்கள். அச்சிட்டதை ஒட்டிக்கொள்வதைவிட இது நல்லது, ஏனென்றால் எழுதும்போதுதான் எந்த வரியில் கை தயங்குகிறது என்று தெரியும். எனக்கு இரண்டாவது வரியில் தயங்கியது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கடவுள் இருக்கிறாரா என்ற கேள்வியை என்ன செய்வது?

பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். முதலில் அதைத் தீர்த்துவிட்டுத்தான் ஒழுக்கத்துக்கு வர வேண்டும் என்று நினைக்கிறார்கள். கேசபுத்தம் என்ற ஊரில் காலாமர்கள் என்ற மக்கள் புத்தரிடம் ஏறக்குறைய இதே குழப்பத்தைத்தான் கொண்டுபோனார்கள். ஊருக்கு வருகிற ஒவ்வொரு ஆசானும் தன் கொள்கையே சரி, மற்றதெல்லாம் தவறு என்கிறாரே, யாரை நம்புவது என்று கேட்டார்கள். பரம்பரையாக வந்தது என்பதற்காகவோ, நூலில் இருக்கிறது என்பதற்காகவோ, சொல்பவர் நம் குரு என்பதற்காகவோ ஏற்க வேண்டாம் என்றார் புத்தர். பேராசையிலும் வெறுப்பிலும் செய்கிற காரியம் நன்மை தருகிறதா தீமை தருகிறதா என்று நீங்களே பாருங்கள், அறிவுடையோர் எதைப் பழிக்கிறார்கள் என்பதையும் பாருங்கள், தீது என்று தெரிந்தால் விட்டுவிடுங்கள் என்றார்.

அந்த உரையின் கடைசிப் பகுதியைத் தமிழில் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியம். அங்கே நான்கு ஆறுதல்கள் வருகின்றன. மறுமை உண்டென்றால், நல்லபடி வாழ்ந்தவனுக்கு அங்கே நல்லது நடக்கும். மறுமை இல்லையென்றாலும், பகையும் பதற்றமும் இல்லாமல் இங்கேயே அவன் நிம்மதியாக வாழ்ந்திருப்பான். தீமை செய்தவனுக்குத் தீமை வரும் என்றால், தீமை நினைக்காத அவனுக்கு அது வராது. அப்படி வராது என்றாலும் இரண்டு வகையிலும் அவன் சுத்தமாகத்தான் இருக்கிறான். என் மனைவிக்கு முதல் ஆறுதல் போதும், எனக்கு இரண்டாவது போதும். கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு இன்றைக்கே ஆரம்பிக்கலாம்.

நம் ஊருக்கும் இது அந்நியமானது இல்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907இல் அவர் தொடங்கிய வார இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் பஞ்சசீலம் ஏற்றார். பிறகு அங்கே திரண்டிருந்த லட்சக்கணக்கான மக்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்த 22 உறுதிமொழிகளிலும் திருடமாட்டேன், பொய் சொல்லமாட்டேன், மது அருந்தமாட்டேன் என்பவை உண்டு. தங்களைத் தாழ்த்தி வைத்திருந்த சமூகத்தின் முன்னால், எப்படி வாழ்வது என்பதை நாங்களே தீர்மானிக்கிறோம் என்று அவர்கள் எழுந்து நின்று சொன்னார்கள். சீலம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அந்தக் கூட்டம்தான் நினைவுக்கு வரும்.

ஒன்றை மட்டும் எடுங்கள்

ஐந்தையும் ஒரே நாளில் எடுத்தால் ஒரு வாரத்தில் கைவிட்டுவிடுவோம். ஒன்றை எடுத்து, ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிவரை பழகுங்கள். எதை எடுப்பது என்று கேட்டால் நான்காவதைச் சொல்வேன். திருடுவதற்கோ கொல்வதற்கோ நமக்கு நாள்தோறும் சந்தர்ப்பம் வருவதில்லை. பொய்க்கு ஒரு நாளில் இருபது முறை வருகிறது. பழக்கம் என்றால் தினமும் கைக்கு வேலை இருக்க வேண்டும்.

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள், எண்ண மட்டும் செய்யுங்கள். வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு "வந்துட்டே இருக்கேன்" என்று சொன்னது. போனை எடுக்காமல் விட்டுவிட்டு "சைலன்ட்ல இருந்துச்சு" என்று சொன்னது. கடன் கேட்டு வந்தவரிடம் "அப்பா வீட்ல இல்லன்னு சொல்லு கண்ணு" என்று குழந்தையை விட்டுச் சொல்ல வைத்தது. கடைசியாகச் சொன்னதை நான் ஒருமுறை செய்திருக்கிறேன். என் மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு போய் அதைச் சொல்லிவிட்டு வந்தாள். அந்தப் பார்வை இன்னும் மறக்கவில்லை.

இரண்டாவது வாரம், எண்ணியதில் சின்னதாக ஒன்றைப் பிடித்து நிறுத்துங்கள். "வந்துட்டே இருக்கேன்" என்பதற்குப் பதில் "இன்னும் கிளம்பலைங்க, அரைமணி நேரம் ஆகும்." எதிரில் இருப்பவர் கோபித்துக்கொள்வார் என்று பயந்திருந்தேன். பெரும்பாலும் "சரி, பரவால்ல" என்றுதான் சொன்னார்கள்.

பெரிய சோதனை தொழிலில்தான் வரும். அதற்கு முன்கூட்டியே சொற்களைத் தயார் செய்துகொள்ள வேண்டும். ஈரோட்டுப் பக்கம் ஒரு எலெக்ட்ரிகல் கடையில் பில் போடுகிற வேலையில் இருந்தேன். ஒருநாள் எலெக்ட்ரீஷியன் ஒருவர் இரண்டு காயில் வயர், கொஞ்சம் சுவிட்சு, ஒரு டிபி பாக்ஸ் வாங்கினார். பில் புத்தகத்தில் கார்பன் வைத்து எழுதத் தொடங்கியதும் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "பில்ல மட்டும் ஆயிரத்தைந்நூறு கூட்டிப் போடுங்க." வீட்டுக்காரரிடம் கூடுதலாக வாங்குவதற்கு. எங்கள் தெருவில் எல்லாக் கடையிலும் நடப்பதுதான். எனக்கு வாய் வறண்டுவிட்டது. சொல்வதற்கு வார்த்தை இல்லாமல் "அது வந்துங்ணா..." என்று இழுத்தேன். அவர் பொருளை அப்படியே விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போனார். முதலாளி அன்று என்னோடு பேசவில்லை.

வார்த்தை இருந்திருந்தால் அவரை அவமானப்படுத்தாமலே மறுத்திருக்கலாம். மறுநாள் முதலாளியிடம் தனியாகப் பேசினேன். நீங்களே விலையில் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள், ஆனால் பில்லில் நான் கூட்டி எழுதமாட்டேன் என்றேன். கொஞ்சநேரம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். அதன் பிறகு யாராவது கேட்டால், "அப்படிப் போடறதில்லைங்ணா, ரேட்டுல வேணும்னா பார்த்துக்கலாம்" என்பேன். பாதிப்பேர் போய்விட்டார்கள். மீதிப்பேர் இருந்தார்கள். வீட்டுக்காரர்கள் சிலர் நேரடியாக எங்கள் கடைக்கே வர ஆரம்பித்தார்கள். ஆனால் நஷ்டமே வராது என்று உங்களுக்கு நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். வரும். எவ்வளவு நஷ்டம் தாங்கும் என்று கணக்குப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மை பேசுவது என்றால் மனதில் பட்டதையெல்லாம் கொட்டுவது என்று சிலர் நினைக்கிறார்கள். நல்ல பேச்சுக்கு பௌத்தம் ஐந்து அடையாளம் சொல்கிறது: உரிய நேரத்தில் பேசுவது, உண்மையாகப் பேசுவது, இதமாகப் பேசுவது, பயன்படும்படி பேசுவது, அன்போடு பேசுவது. என் பெரியப்பாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தபோது வீட்டில் எல்லோரும் அல்சர் என்று சொல்லிவிடுவதாக முடிவு செய்தார்கள். ஒருநாள் மாலை நான் மட்டும் கட்டிலருகில் இருந்தபோது, "எனக்கு என்னடா வந்திருக்கு?" என்று கேட்டார். பொய் சொல்லவும் முடியவில்லை, வீட்டார் முடிவை உடைக்கவும் மனம் வரவில்லை. "பெரியப்பா, எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நீங்க சொல்லுங்க, அவ்வளவும் சொல்றேன்" என்றேன். மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தோட்டங்காட்டை ஒருக்கா பார்த்துட்டு வரணும். அதுக்கு நாள் இருக்குதான்னு மட்டும் சொல்லு" என்றார். "இருக்குங்க பெரியப்பா" என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே காரில் கூட்டிப்போனோம்.

ராத்திரி நோட்டு

புத்தர் தன் மகன் ராகுலனுக்குக் கற்றுக்கொடுத்த முறை ஒன்று உண்டு. கண்ணாடி எதற்கு என்று கேட்டார். பார்ப்பதற்கு என்றான் பையன். அப்படித்தான், செய்வதற்கு முன்னாலும் செய்யும்போதும் செய்த பிறகும் உன் செயலைப் பார், இது எனக்கோ பிறருக்கோ துன்பம் தருமா என்று கேள் என்றார். சொல்லுக்கும் எண்ணத்துக்கும் அதேதான்.

புதியவர்களுக்கு முதலில் வசப்படுவது மூன்றாவதுதான், செய்த பிறகு பார்ப்பது. நாற்பது பக்கம் நோட்டு ஒன்று போதும். படுக்கப்போகும் முன் மூன்று வரி எழுதுங்கள்: இன்று எங்கே தவறினேன், யாருக்கு அது வலித்திருக்கும், நாளைக்கு என்ன சரிசெய்ய வேண்டும். மூன்று வரிக்குமேல் எழுதாதீர்கள். நீளமாக எழுதினால் நம்மை நாமே நியாயப்படுத்த ஆரம்பித்துவிடுவோம். தவறு செய்யாமல் நடந்துகொண்ட ஒன்றையும் எழுதலாம், அது கர்வத்தில் சேராது. இரண்டு மூன்று மாதம் போனால் செய்யும்போதே தெரிய ஆரம்பிக்கும், பாதி வாக்கியத்தில் வாய் நிற்கும். செய்யும் முன்னாலேயே தெரிவதற்கு எனக்கு வருடங்கள் ஆயின. இன்னும் பல நாள் தெரிவதில்லை.

தவறினால்

கண்டிப்பாகத் தவறுவோம். துறவிகளே பதினைந்து நாளுக்கு ஒருமுறை கூடி விதிகளை ஓதுகிறார்கள், தவறியதைச் சக துறவியிடம் வெளிப்படையாகச் சொல்கிறார்கள். நமக்கும் அதே வழிதான். பாதிக்கப்பட்டவரிடம் சொல்லுங்கள், ஈடு செய்ய முடிந்ததைச் செய்யுங்கள், அந்தச் சீலத்தை மறுபடி வாயால் சொல்லி ஏற்றுக்கொள்ளுங்கள். விரதம் முறிந்துவிட்டதே, இனி எதற்கு என்று விட்டுவிடுவதுதான் பெரிய இழப்பு. மன்னிப்புக் கேட்கும்போது "ஆனா" போடாதீர்கள். "நான் அப்படிச் சொன்னது தப்புதான், ஆனா நீயும்" என்று போனால் அது மன்னிப்பாகாது.

மற்ற நான்கு

இரண்டாவது சீலத்தில் திருட்டு என்ற சொல்லே இல்லை, கொடுக்கப்படாததை எடுப்பது என்று இருக்கிறது. என் கை தயங்கியது அதனால்தான். என் போனில் டெலிகிராமில் வந்த தமிழ்ப் புத்தகங்களின் பிடிஎஃப் நூற்றுக்கும் மேல் இருந்தது. எழுதியவரும் கொடுக்கவில்லை, பதிப்பித்தவரும் கொடுக்கவில்லை. ஆயிரம் பிரதி விற்றாலே கொண்டாடுகிற பதிப்புலகத்திலிருந்து எடுத்திருக்கிறேன். அழித்தேன். நூலகத்தில் கிடைப்பதை அங்கே வாங்கிப் படிக்கிறேன், மாதம் ஒரு புத்தகம் காசு கொடுத்து வாங்குகிறேன். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குச் சம்பளத்தை ஐந்தாம் தேதிவரை இழுத்தடிப்பதும் இதில்தான் சேரும் என்பது என் கருத்து. அவர் கொடுக்காத ஐந்து நாளை நாம் எடுத்துக்கொள்கிறோம். கடைக்காரர் மீதிச் சில்லறையைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டால் திருப்பிக் கொடுப்பதிலிருந்து தொடங்குங்கள், அது சுலபம்.

ஐந்தாவதற்குக் காரணம் அதன் பெயரிலேயே இருக்கிறது: பமாதம், அதாவது கவனம் தப்புதல். கவனம் தப்பினால் மற்ற நான்கும் சேர்ந்தே போகும். சிகாலன் என்ற இளைஞனுக்குப் புத்தர் குடியின் ஆறு கேடுகளை எண்ணிச் சொன்னார்: காசு கரையும், சண்டை கூடும், நோய் வரும், பெயர் கெடும், வெட்கம் போகும், அறிவு மங்கும். நம் தெருவில் இந்த ஆறையும் பார்க்காதவர்கள் யார்? விருந்துகளில் மட்டும் குடிப்பவர் என்றால் இன்றே நிறுத்திப் பாருங்கள். தினமும் அதிகமாகக் குடித்துப் பழகியவர் என்றால் திடீரென்று தானாக நிறுத்த வேண்டாம். நடுக்கம், வலிப்புவரை போகலாம், உயிருக்கே ஆபத்து. மருத்துவரைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். போகத் தயங்குகிறவரோடு கூடப் போவது நம் சீலம். ராத்திரி பன்னிரண்டுவரை போனைத் தள்ளிக்கொண்டிருப்பதையும் என் கணக்கில் நான் இங்கேதான் எழுதுகிறேன்.

முதல் சீலத்தைச் சொன்னதும் எல்லோரும் கொசுவையும் கறியையும்தான் கேட்பார்கள். கொசுவுக்கு வலை கட்டுங்கள். தொட்டி, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு எதிலும் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். டெங்குவுக்கும் அதுதான் நல்ல தடுப்பு. கறியைப் பற்றி முதல் நாளே முடிவெடுக்க வேண்டாம். புத்தர் இல்லறத்தாருக்குப் புலாலைத் தடை செய்யவில்லை, துறவிகளுக்குத் தங்களுக்காகக் கொன்றதாகக் கண்டோ கேட்டோ சந்தேகித்தோ இருந்தால் தடை. நானே மூன்று வருடம் கழித்துத்தான் விட்டேன். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது நம் கை. குழந்தையை அடிக்கிற கை, மாட்டைச் சாட்டையால் விளாசுகிற கை. பிள்ளைகளை அடிப்பதில்லை என்று முடிவெடுத்த மாதம் எனக்கு எல்லா மாதத்தையும்விடக் கடினமாக இருந்தது.

மூன்றாவதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. மனமார்ந்த சம்மதம் இல்லாத இடத்தில் தொடக்கூடாது, கணவன் மனைவிக்குள்ளும்தான். வாக்குக் கொடுத்தவருக்குத் துரோகம் கூடாது. துணையிடம் காட்ட முடியாத வாட்ஸ்அப் உரையாடல் ஒன்று போனில் இருந்தால், எங்கே நிற்கிறோம் என்று நமக்கே தெரியும்.

வீட்டில் எப்படிச் சொல்வது?

சொல்ல வேண்டாம் என்பேன். ஆறு மாதம் பழகிவிட்டு, கேட்டால் மட்டும் சொல்லுங்கள். புதிதாகச் சீலம் எடுத்தவர் அடுத்தவர் பொய்யை எண்ண ஆரம்பித்தால் வீட்டில் யாருக்கும் நிம்மதி இருக்காது. குலதெய்வக் கோயிலில் கிடாவெட்டு என்றால் நான் போவேன், பந்தியில் பரிமாறுவேன், வெட்டும் இடத்தில் மட்டும் நிற்கமாட்டேன். மாமியார் திருநீறு கொடுத்தால் வாங்கிப் பூசிக்கொள்வேன், அவர் அன்போடு கொடுப்பது அது. நம்புவதாக நடிக்கச் சொல்லி யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டால், "நம்பிக்கை இல்லீங்க அத்தை, ஆனா உங்களோட வர்றேன்" என்று சொல்லிவிடுவேன்.

கூடப் பழக ஒருவர் வேண்டும். நல்வழித் துணைக்குப் பாலியில் கல்யாணமித்தர் என்று பெயர். உங்களைப் புகழாதவராக இருந்தால் நல்லது. இலங்கையில் பௌர்ணமிதோறும் போயா விடுமுறை, அன்று மதுக்கடைகளை மூடுகிறார்கள், பக்தர்கள் வெள்ளை உடுத்தி விகாரைக்குப் போகிறார்கள். நமக்கு விகாரை இல்லை, மொட்டை மாடி இருக்கிறது. பௌர்ணமியன்று இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் நானும் மனைவியும் பாயும் நோட்டுகளும் எடுத்துக்கொண்டு மேலே போவோம். அவரவர் நோட்டில் அந்த மாதம் குறித்ததைச் சொல்வோம், ஒருவருக்கொருவர் அறிவுரை சொல்வதில்லை என்று ஒப்பந்தம். பிறகு ஐந்து வரியையும் சேர்ந்து சொல்லி மறுபடி ஏற்றுக்கொள்வோம். சொல்லும்போது அவர் கைகூப்புவார், நான் மடியில் கை வைத்திருப்பேன். போன பௌர்ணமிக்கு மாமியாரும் மேலே வந்திருந்தார். படியேறிய மூச்சு அடங்கும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, "அந்த நாலாவதை இன்னொருக்கா சொல்லுங்க மாப்பிள்ளை" என்றார்.